ஜமீன்தாருக்கு எழாத மாடுகள்

கொம்புக்காரப்பட்டி ஜமீன்தார் கஜேந்திர பூபதி தெருவில் நடந்தால் நாய்கூட எழுந்து ஒதுங்கும். அவருடைய தொழுவத்துக் கறவை மாடுகள் மட்டும் படுத்தபடியே அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"என்னைப் பார்த்தும் எந்திரிக்காத திமிரா? நாளைக்கு நான் வர்றப்ப ஒரு மாடு படுத்திருந்தாலும் நீ இந்த ஊர்ல இருக்க முடியாது!" என்று தொழுவக்காரி சடைச்சியிடம் உறுமினார்.

"ஆகட்டும் சாமி" என்றாள் சடைச்சி.

மனசைக் கல்லாக்கிக்கொண்டு வைக்கோல் படுக்கையை வாரினாள். கல் தரையில் தண்ணீரைக் கொட்டினாள். ஈரக் கல்லில் எந்த மாடு படுக்கும்? மறுநாள் அத்தனையும் வரிசையாக நின்றன. ஜமீன்தார் மீசையை முறுக்கினார். "இனி எப்பவும் இப்படித்தான்!"

சில நாளில் அவருடைய வெள்ளித் தம்ளரில் பால் அடியில் மட்டும் கிடந்தது. "பால் எங்கேடி?" என்று குதித்தார்.

"மாடு படுத்து அசைபோட்டாத்தான் மடி நிறையும் சாமி. இதுக ராவும் பகலும் உங்களுக்கு மரியாதை செஞ்சுகிட்டே நிக்குதுக. மரியாதையைக் கறக்கட்டுமா, பாலைக் கறக்கட்டுமா? நீங்களே சொல்லுங்க."

ஜமீன்தார் தம்ளரை வைத்துவிட்டு அவளோடு தொழுவத்துக்கு வந்தார். "வைக்கோலை விரி" என்றார் கடைசியில்.

சடைச்சி விரித்தாள். முதலில் செவலைப் பசு முன்னங்கால்களை மடக்கி, பெருமூச்சு விட்டபடி சாய்ந்தது. அதைப் பார்த்து ஒவ்வொன்றாக எல்லாம் படுத்தன. அசைபோடும் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. கோயிலுக்குள் நிற்பது போலிருந்தது சடைச்சிக்கு.

திரும்பிப் பார்த்தாள். ஜமீன்தார் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். தோளில் கிடந்த பட்டுத் துண்டு எப்போது இடுப்புக்கு இறங்கியது என்று அவருக்கே தெரியவில்லை.