பூ வந்து போன பிறகு வரும் இலை

மனிதர்களும் விலங்குகளும் செடிகொடிகளும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது மேற்கு மலைச் சரிவில், ஒரு நாவல் மரத்தின் நிழலில், ஓரிலைத் தாமரைச் செடி ஒன்று இருந்தது.

தாமரை என்றதும் குளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது காட்டுத் தரையில் முளைப்பது. செடிக்கு ஒரே இலைதான். அது தாமரை இலை போல வட்டமாக, மண்ணோடு மண்ணாகப் படிந்து கிடக்கும். அதன் பக்கத்திலேயே மெல்லிய தண்டு ஒன்று எழும்பி, உச்சியில் வெளிர்பச்சைப் பூவைத் தாங்கி நிற்கும். பூவின் நடு இதழில் ஊதா நிற நரம்புகள் ஓடும். மண்ணுக்குள்ளே கிழங்கு. அந்தக் காலத்தில் அந்தக் கிழங்கு ஒரு தேங்காய் அளவுக்கு இருந்தது. இலையில் ஒரு சுருக்கம்கூட இருக்காது. வழவழவென்று விரிந்திருக்கும். பூவும் தலை நிமிர்ந்து நிற்கும். வெயிலோ மழையோ பனியோ, வருஷம் முழுக்க இலையும் பூவும் சேர்ந்தேதான் இருக்கும்.

கிழங்குதான் அம்மா. இலை மூத்த மகள், பூ இளைய மகள். அக்காவும் தங்கையும் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். உயரத்தில் நிற்பதால் தங்கைக்குத் தூரத்தில் நடப்பது தெரியும். மலை அணில் எந்தக் கிளைக்குத் தாவியது, எந்த வண்டு யாரோடு சண்டை போட்டது என்று பார்த்துப் பார்த்துச் சொல்வாள். தரையில் கிடக்கும் அக்கா கேட்டுக்கொண்டே, மரக்கிளைகளுக்கு நடுவே கசிந்து வரும் வெயிலைச் சேர்த்து அம்மாவுக்கு அனுப்பிக்கொண்டிருப்பாள். சில சமயம் இருவரும் சிரிக்கிற சிரிப்பில் அம்மாவுக்குத் தூக்கம் கெட்டுவிடும்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கடி" என்பாள் அம்மா. ஆனால் அந்தப் பேச்சு இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கமே வராது.

இப்படி இருக்கும்போது ஒரு வருஷம் மழை தவறியது. அடுத்த வருஷமும் தவறியது. ஓடையில் கூழாங்கற்கள் மட்டும் மிஞ்சின. மூங்கில் காய்ந்து தானாக வெடித்தது. அந்த மலையில் குடியிருந்த ஜனங்கள், பானை சட்டிகளைத் தூக்கிக்கொண்டு கீழே பெரிய ஆற்றங்கரையைத் தேடிப் போனார்கள்.

வெள்ளச்சியும் அவள் புருஷன் கூத்தனும் மட்டும் போகவில்லை. வெள்ளச்சிக்கு அது நிறைமாதம். மலை இறங்கினால் பாதி வழியில் வலி எடுத்துவிடும் என்று பயந்து, பாறைக்குகை ஒன்றில் தங்கிவிட்டார்கள். அங்கேயே பெண் குழந்தை பிறந்தது.

குழந்தை பிறந்ததே தவிர, வெள்ளச்சிக்குப் பால் ஊறவில்லை. எப்படி ஊறும்? அவள் வயிற்றில் எதுவும் இல்லை. கூத்தன் தினமும் கிழங்கு தோண்டும் கம்பை எடுத்துக்கொண்டு போவான். வெறுங்கையோடு திரும்புவான். முதலில் குழந்தை வீறிட்டு அழுதது. பிறகு முனகியது. ஒருநாள் காலையில் அந்த முனகலும் இல்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

அன்றைக்குக் கூத்தன், மேலே உள்ள பள்ளத்தாக்கில் எங்காவது ஈரம் இருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தான். வெள்ளச்சியால் குகையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. குழந்தையை முந்தானையில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு, சின்னக் கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கொஞ்ச தூரத்தில் ஒரு முள்ளம்பன்றி எதிரே வந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. நடக்கும்போது முட்கள் ஒன்றோடொன்று இடித்து ஓசை எழுப்பின.

"எங்க போற?" என்றது.

"கிழங்கு தேடி."

"நீ தோண்ட நினைக்கிற இடத்தையெல்லாம் நான் தோண்டி முடிச்சாச்சு. ஒண்ணும் இல்ல." முந்தானைக்குள் இருந்த குழந்தையை அது எட்டிப் பார்த்தது. "நாவல் மரத்தடியில ஒரு ஓரிலைத் தாமரை இருக்கு. அது மட்டும்தான் இன்னும் பச்சையா நிக்குது."

"நீ ஏன் அதை விட்டு வச்ச?"

"தோண்டத்தான் போனேன். அக்காளும் தங்கச்சியும் பேசிட்டு இருந்தாங்க. சரி, பேசி முடிக்கட்டும்னு உக்காந்தேன். அவங்க முடிக்கவே இல்ல. கேட்டுக் கேட்டு எனக்கு மனசு வரல." முள்ளம்பன்றி ஒரு பெருமூச்சு விட்டது. "எனக்குப் பிள்ளை கிடையாது. உனக்கு இருக்கு. போய்க் கேட்டுப் பாரு."

வெள்ளச்சி நாவல் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தாள். செடியின் முன்னால் உட்கார்ந்தாள். அந்தக் காலத்தில் எதைத் தோண்டினாலும் கேட்டுவிட்டுத்தான் தோண்ட வேண்டும். அவள் வாயைத் திறந்தாள், ஆனால் கேட்க வரவில்லை. வழவழப்பான அந்த இலையையும் நிமிர்ந்து நின்ற பூவையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர்கள் இருவரும் பேச்சை நிறுத்தி அவளைப் பார்த்தார்கள்.

மண்ணுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"யாரு?"

"நான் வெள்ளச்சி, ஆத்தா. குகையில இருக்கேன். பிள்ளை பெத்திருக்கேன்."

"பிள்ளை அழற சத்தம் காணோமே."

"அழறதுக்குத் தெம்பு இல்ல, ஆத்தா."

"என்கிட்ட இருக்கிறது கொஞ்சம் தண்ணியும் கொஞ்சம் மாவும்தான். மழை வர்ற வரைக்கும் இவங்க ரெண்டு பேரையும் நிக்க வைக்கலாம்னு பிடிச்சு வச்சிருக்கேன். அதைக் கொடுத்தா இவங்க நிக்க முடியாது" என்றாள் அம்மா.

வெள்ளச்சிக்கு அது புரிந்தது. அவளும் ஒரு அம்மாதானே. கம்பை ஊன்றி எழுந்துகொண்டாள். "நான் வேற எங்கயாவது பாக்கறேன், ஆத்தா" என்றாள். வேறு எங்கும் எதுவும் இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"கொஞ்சம் இரு" என்றாள் இலை. "அம்மா, எனக்கு ஊட்டுறதை நிறுத்திடு. நான் படுத்துத்தானே கிடக்கேன். உள்ள வந்து உன் பக்கத்துல படுத்துக்கறேன்."

"அவளுக்கு நிறுத்தாதம்மா" என்றாள் பூ. "வெயிலைச் சேத்து உனக்கு அனுப்புறது அவதான். சும்மா நின்னு வேடிக்கை பாக்கிறது நான். எனக்கு நிறுத்து."

"நீ இல்லாம மேல என்ன நடக்குதுன்னு எனக்கு யார் சொல்லுவா?" என்றாள் இலை.

"நீ இல்லாம நான் யார்கிட்ட சொல்லுவேன்?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றாள் அம்மா. அவள் குரலில் கோபம் இல்லை. "என்னில் பாதியைக் கொடுக்கறேன். மிச்சப் பாதியை வச்சுக்கிட்டு உங்க ரெண்டு பேரையும் ஒண்ணாத் தாங்க முடியாது. ஒருத்தி மேல போனா ஒருத்தி உள்ள இருக்கணும். ஒருத்தி முகத்தை ஒருத்தி பாக்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

அக்காவும் தங்கையும் வெகுநேரம் யோசிக்கவில்லை. முந்தானைக்குள் குழந்தை வாயைத் திறந்து மூடுவதைப் பூ மேலிருந்து பார்த்தாள். பார்த்ததை அக்காவிடம் சொன்னாள். அக்கா, "கொடும்மா" என்றாள்.

"மழை வந்ததும் நான் முதல்ல போறேன்" என்றாள் தங்கை. "எனக்குக் கொஞ்சம் போதும். கொஞ்ச நாள் நின்னு பாத்துட்டு வந்துடறேன். அப்புறம் நீ போ. நீதான் ரொம்ப நாள் இருந்து அம்மாவைத் தேத்தணும்."

"சரி" என்றாள் அக்கா. "பாத்ததையெல்லாம் மறக்காம வச்சிரு."

வெள்ளச்சி மண்ணைக் கையாலேயே விலக்கினாள். கம்பின் கூர்முனையால் கிழங்கைப் பாதியாகப் பிளந்தாள். அம்மா ஒரு சத்தமும் போடவில்லை. மிச்சப் பாதியைக் குழிக்குள் வைத்து, மண்ணை மூடி, மேலே காய்ந்த சருகுகளை அள்ளிப் பரப்பினாள் வெள்ளச்சி. அவள் மூடி முடிப்பதற்குள் இலை சுருண்டுவிட்டது. தண்டு சாய்ந்து, பூ வாடிவிட்டது. அவள் மண்ணில் நெற்றியை வைத்து வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

அங்கேயே உட்கார்ந்து கிழங்கைக் கடித்துத் தின்றாள். நீரும் மாவுமாக இருந்தது. குகைக்குத் திரும்பிக் கொஞ்ச நேரத்தில் மார்பில் பால் ஊறிக் கனத்தது. குழந்தையை அணைத்துப் பிடித்தாள். முதலில் அதற்குச் சப்பத் தெம்பு இல்லை. அவள் பாலைப் பீய்ச்சி அதன் உதட்டில் விட்டாள். குழந்தை நாக்கை நீட்டியது. பிறகு பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் கூத்தன் வந்தான். பள்ளத்தாக்கில் பாறை இடுக்கில் கசிந்த நீரைப் பொறுமையாகச் சேர்த்து, ஒரு மூங்கில் குழாயில் கொண்டுவந்திருந்தான். குழந்தை பால் குடிப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். வெள்ளச்சி நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப இன்னும் பாதி இருக்கா?" என்றான்.

"இருக்கு. அது நமக்கு இல்ல, மச்சான்."

"நாளைக்கு என்ன தின்னுவ?"

"தெரியல."

"பிள்ளைக்கு நானும் அப்பன்தான். இன்னிக்குக் குடிச்ச பால் நாளைக்கு வத்திப்போச்சுன்னா?"

"நான் கேட்டது எனக்குக் கிடைச்சாச்சு. அந்தக் கிழங்கு ஆத்தா தன் பிள்ளைங்களைப் படுக்க வச்சுட்டுக் கொடுத்தா. போய் மிச்சத்தையும் எடுத்துட்டு வந்தா, இந்தப் பாலை நான் எப்படிக் குடுப்பேன்?"

கூத்தன் கம்பையும் மூங்கில் குழாயையும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவன் எங்கே போகிறான் என்று வெள்ளச்சிக்குத் தெரியும். எழுந்து ஓடித் தடுக்க உடம்பில் வலு இல்லை. குழந்தையைப் பிடித்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருட்டுவதற்கு முன் அவன் திரும்பி வந்தான். கையில் கிழங்கு இல்லை. கம்பை மூலையில் வைத்துவிட்டு அவள் அருகில் உட்கார்ந்தான்.

"கேட்டேன்" என்றான். "பதில் வரல. எல்லாரும் தூங்கிட்டாங்க போல. பதில் வராம எப்படித் தோண்டறது?"

வெள்ளச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொண்டுபோன தண்ணியில கொஞ்சம் அங்க ஊத்திட்டேன்" என்றான் கூத்தன் மெதுவாக. "கோவப்படாத. சருகெல்லாம் அவ்வளவு காஞ்சு கிடந்துச்சு."

அவள் கோபப்படவில்லை. மிச்சத் தண்ணீரை இருவரும் பங்கிட்டுக் குடித்தார்கள். அதன் பிறகு கூத்தன் தினமும் பள்ளத்தாக்குக்குப் போய்வந்தான். கிடைத்த நீரில் ஒரு வாய் குழிக்கு, மற்றது குகைக்கு. ஒரு முறை ஈரத்தில் முளைத்திருந்த கீரை கிடைத்தது. ஒரு முறை பழைய தேனடை. எப்படியோ பால் வற்றாமல் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் மேற்கே வானம் கறுத்தது. மழை பெய்யத் தொடங்கி, ஓடை நிறையும்வரை நிற்கவில்லை.

மழை விட்டதும் வெள்ளச்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாவல் மரத்தடிக்கு ஓடினாள். சருகுகளை விலக்கிக்கொண்டு ஒற்றைத் தண்டு எழுந்திருந்தது. உச்சியில் பூ. பக்கத்தில் இலை இல்லை. பூ முன்பு போல நிமிர்ந்து நிற்கவில்லை. தலையைத் தாழ்த்தித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அங்கே இருக்க மாட்டாள் என்று தெரிந்தும் பார்வை அங்கேயே போனது.

"உள்ள தூங்கறா" என்றாள் வெள்ளச்சி.

"தெரியும்" என்றாள் பூ. "பிள்ளையைக் காட்டு."

வெள்ளச்சி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். கன்னம் உருண்டிருந்தது. குழந்தை பூவைப் பிடிக்கக் கையை நீட்டியது. பூ சிரித்தாள்.

பூ நின்ற நாள் வரைக்கும் வெள்ளச்சி தினமும் வந்தாள். போகும் நேரம் வந்தபோது பூ சொன்னாள்: "அக்கா வருவா. ஓடையில தண்ணி ஓடுதுன்னு அவகிட்ட சொல்லு. நாவல் பழுத்திருக்கு, முள்ளம்பன்றி கொழுத்திருக்குன்னு சொல்லு. பிள்ளை சிரிக்குதுன்னு சொல்லு. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாம நான் தனியா நின்னேன்னு மட்டும் சொல்லிடாத."

பூ வாடி விழுந்த இடத்தில், சில நாளில் இலை வந்தாள். மண்ணுக்குள் மடிந்து மடிந்து படுத்து, தங்கையின் முறை முடியக் காத்திருந்ததால், அவள் மேல் விசிறி போல மடிப்புகள் விழுந்திருந்தன. விரிந்த பிறகும் அந்த மடிப்புகள் போகவில்லை.

"வந்தாளா?" என்று கேட்டாள்.

"வந்தா." வெள்ளச்சி அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்ல வேண்டாம் என்றதைச் சொல்லவில்லை.

இலை கேட்டு முடித்து, "தலையைத் தொங்கப் போட்டுட்டு நின்னாளா?" என்றாள்.

ஆமாம் என்று வெள்ளச்சி தலையை ஆட்டினாள்.

"அடுத்த மழைக்கு அவ வருவால்ல, அப்ப சொல்லு. அவ நிக்கிறதுக்கு வேண்டியதையெல்லாம் நான் சேத்து அம்மாகிட்ட கொடுத்திருக்கேன்னு சொல்லு. பசியே தெரியாது அவளுக்கு."

வெள்ளச்சி அடுத்த மழைக்கு அதைச் சொன்னாள். பூவின் சேதியை இலைக்கும், இலையின் சேதியைப் பூவுக்கும், தான் இருந்தவரை சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் மகள் வளர்ந்த பிறகு அவள் சொன்னாள். பிறகு மகளின் மகள்கள். செடிகள் நம்மோடு பேசுவது நின்றபோதும் இவர்கள் நிறுத்தவில்லை.

இப்போதும் ஓரிலைத் தாமரையில் பூவைப் பார்த்தால் இலை இருக்காது, இலையைப் பார்த்தால் பூ இருக்காது. பூ தலை தாழ்த்தியே நிற்கும். இலையில் மடிப்புகள் இருக்கும். தோண்டிப் பார்த்தால் கிழங்கு நெல்லிக்காய் அளவுக்குத்தான் இருக்கும். அந்த மலைப் பெண்கள் முதல் மழைக்குப் பிறகு பூவைக் கண்டால், கூடையை இறக்கி வைத்துக் குனிந்து, "அக்கா நல்லா இருக்கா" என்பார்கள். அதே இடத்தில் இலையைக் கண்டால், "தங்கச்சி வந்துட்டுப் போனா" என்பார்கள். வெள்ளச்சியின் குழந்தை பால் குடித்த நாளுக்குப் பிறகு, இந்தச் சேதி ஒரு மழைக்கும் தவறியதில்லை.