தானாக வளர்ந்த தோட்டம்

மகளைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்றதும், மில் முதலாளி வேலுச்சாமி கொல்லைப் புதரைப் பூந்தோட்டமாக்க தோட்டவேலை செய்யும் மாராத்தாளைப் பிடித்தார். அவளும் பூத்துக் குலுங்க வைத்தாள். கூலி என்றதும்தான் மனுஷனுக்கு நெஞ்சடைத்தது.

“செடி என் காசு, தண்ணி மழை குடுத்தது, தோட்டம் தானா வளர்ந்துச்சு. குப்பை அள்ளினதுக்கா இத்தனை ரூபாய்?”

“அப்ப அந்தக் குப்பையைத் திருப்பிப் போட்டுட்டுப் போயிடறனுங்க.”

“போட்டுக்கோ போ!” என்று சிரித்தார்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். “நமக்கு மோரைத் தவிர வேற பழக்கமே இல்லீங்க” என்று அளந்தபடி அவர்களைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். ரோஜாக்களுக்கு நடுவே காய்ந்த முள்ளும், அவர் ஜன்னல் வழியே புதரில் வீசியிருந்த பிராந்தி பாட்டில்களும் குவிந்து கிடந்தன. பதறிப்போய்த் தோள்துண்டை எடுத்துப் போர்த்தினார். துண்டு போதவில்லை.

“இதெல்லாம் என்னங்க?” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

வேலுச்சாமி துண்டை இன்னும் இழுத்துவிட்டுப் பார்த்தார். வேலியோரம் நின்ற மாராத்தாள்தான் பதில் சொன்னாள்.

“தானா வளர்ற தோட்டமுங்க அம்மா. அதுவும் தானா முளைச்சிருக்குமுங்க.”