மீன்கள் தேர்ந்தெடுத்த வடிகட்டி

மழை சொன்ன மாதத்தில் தவறாமல் பெய்த ஒரு காலத்தில், கொன்றையூர் நாட்டைப் பூபதிவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஒரு மாதம் கிளி வளர்ப்பார். அடுத்த மாதம் கிளிச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார்.

அவருக்கு ஒருநாள் மீன் ஆசை பிடித்தது. கப்பல் வணிகர் ஒருவர் கொடுத்த செம்பொன் நிற மீன்களை நந்தவனத்துக் குளத்தில் விட்டார். கூடை கூடையாகப் பொரி போட்டார். மீன்கள் கொழுத்தன, தண்ணீர் மட்டும் பச்சைக் கஷாயமாகிவிட்டது. ஒருநாள் ராஜா கரையில் உட்கார்ந்து பார்க்கிறார், ஒரு மீன்கூடக் கண்ணில் படவில்லை. செத்து மிதந்த ஒன்றுதான் தெரிந்தது. வந்ததே கோபம்!

"இந்தக் குளத்தைப் பார்த்துக்கொள்பவன் யார்?"

தோட்டக்காரன் மாரப்பன் ஓடி வந்தான். "நான்தான் மகாராசா. தினம் பாசி அள்ளுறேன். அள்ள அள்ள வருதுங்க."

"இவனை நாட்டை விட்டே துரத்துங்கள்!"

மந்திரி குழந்தைநம்பி குறுக்கே வந்தார். பேர்தான் குழந்தை, புத்தி ஏழு கிழவர்களுடையது. "மகாராஜா, இவன்மேல் குற்றமில்லை. தின்ற மீன் கழிக்கத்தானே செய்யும்? கழிவு போக வழியில்லை. சமையற்கட்டு உண்டு, சாக்கடை இல்லை என்றால் அரண்மனை என்ன ஆகும்? குளத்துக்கு வேண்டியது நல்ல வடிகட்டி."

மந்திரி வாயைத் திறந்தாலே வயிறு எரிகிற ஒருவர் சபையில் இருந்தார். அரண்மனை அலங்காரத்துக்கு அதிகாரி, மகுடராயர். அவர் துள்ளி எழுந்தார்.

"என்னிடம் விடுங்கள் மகாராஜா! வெள்ளிச் சல்லடை, மேலே அடுக்கடுக்காகப் பட்டு. தண்ணீர் வைரமாய் வரும். மந்திரியார் வடித்தால் ரசம்தான் வரும்!"

சபை சிரித்தது. ராஜாவுக்குக் கோபம் போய் உற்சாகம் வந்துவிட்டது.

"போட்டி வைப்போம்! குளத்தின் நடுவே பலகை அடித்து இரண்டாக்குங்கள். ஆளுக்கு ஒரு பாதி, ஆளுக்கு ஒரு வடிகட்டி. பௌர்ணமியன்று தீர்ப்பு. ராயர் தோற்றால் பதவி போகும். மந்திரியார் தோற்றால் மாரப்பனோடு சேர்ந்து மூட்டை கட்டலாம்."

"சம்மதம் அரசே" என்றார் மந்திரி. மாரப்பனுக்குத்தான் தலை சுற்றியது. "எனக்காக நீங்க ஏன் சாமி..." என்றான். "கூடை கொண்டு வா, கூழாங்கல் பொறுக்கப் போவோம்" என்று நடந்தார் மந்திரி.

அவர் கட்டியது செங்கல் தொட்டிகள். ஒன்றில் கூழாங்கல், ஒன்றில் ஆற்று மணலும் அடுப்புக்கரியும், கடைசியில் வெட்டிவேரும் சேம்பும். ஏற்றத்தால் இறைத்த குளத்து நீர் தொட்டி தொட்டியாக இறங்கிக் குளத்துக்கே திரும்பியது.

ராயரின் வெள்ளிச் சல்லடை முதல்நாள் ஜொலித்தது. ராஜா "ஆகா!" என்றார். மறுநாளே பட்டில் பாசி அடைத்துக்கொண்டது. கழுவினார்கள், அடைத்தது. மாற்றினார்கள், அதுவும் அடைத்தது. ராயர் அந்த எரிச்சலை மந்திரியிடம் காட்டினார்.

"ஐயையே! உம் கல்லெல்லாம் ஒரே வழவழப்பு. தேய்த்துக் கழுவக்கூடாதா?"

"அந்த வழவழப்புதான் ராயரே என் வேலைக்காரன். அழுக்கைத் தின்பதே அவன்தான். அவனைத் துரத்தச் சொல்கிறீரே!"

பௌர்ணமி வந்தது. விடிந்ததும், காவல் மாறும் சமயம் பார்த்து, ராயர் தம் பாதியில் மூட்டை மூட்டையாகப் படிகாரத்தூளைக் கொட்டிவிட்டார். கலங்கலெல்லாம் அடியில் படிந்தது. ராஜா வந்து பார்த்தால் ராயர் பக்கம் கண்ணாடி! மந்திரி பக்கம் தெளிவுதான், ஆனால் இளந்தேநீர் நிறம்.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ராயரே, நீர்..."

"ஒரு விண்ணப்பம்" என்று கைகூப்பினார் மந்திரி. ராயர் பக்கத்து மீன்களெல்லாம் பலகையில் மூக்கை முட்டிக்கொண்டிருந்ததை அவர் வந்ததுமே பார்த்துவிட்டார். "வீடு நன்றாயிருக்கிறதா என்று வழிப்போக்கரைக் கேட்பதைவிடக் குடியிருப்பவரைக் கேட்பது நல்லதல்லவா? நடுப்பலகை ஒன்றைக் கழற்றச் சொல்லுங்கள்."

கழற்றினார்கள். அவ்வளவுதான்! ராயர் பக்கத்து மீன்கள் மதகு திறந்த வெள்ளம்போல மந்திரி பக்கம் பாய்ந்தன.

"மோசடி! அந்தப் பக்கம் இரை போட்டிருக்கிறார்!" என்று கத்தினார் ராயர்.

"நீரும் போடுமே" என்றார் மந்திரி.

ராயர் பொரியை வாரி இறைத்தார். ஒரே ஒரு மீன் பலகை கழற்றிய இடம் வரைக்கும் வந்தது, முகத்தை நீட்டியது, வாலைச் சுழற்றித் திரும்பிவிட்டது.

ராஜாவின் புருவம் ஏறியது. "ராயரே, உம் தண்ணீரில் ஒரு வாய் குடித்துவிட்டு, இது ஏன் என்று சொல்லும்."

"மகாராஜா, இன்று விரதம்..."

"தண்ணீருக்கு ஏதய்யா விரதம்? குடியும்!"

ராயர் குடித்தார். படிகாரத்தின் துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது. கன்னம் ஒட்டி, உதடு குவிந்து, "ப்... ப்..." என்று வாய் திறந்து திறந்து மூடியதே தவிர, வார்த்தை வெளியே வரவில்லை.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வாய் மீனைப்போல ஆகிவிட்டது! ஆனால் மீனுக்கு இருக்கிற நேர்மை இல்லையே!" காவலர், சேடியர், பல்லக்குத் தூக்கிகள் வரை சிரித்துக் குலுங்கினார்கள்.

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை மாரப்பனுக்குப் போர்த்தி, "அவசரப்பட்டுவிட்டேன் மாரப்பா" என்றார். ஒரு ராஜா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததும் மாரப்பன் அழுதேவிட்டான். ராயரின் பதவி போயிற்று. ஏற்றம் இறைக்கும் வேலை கிடைத்தது.

கொன்றையூரில் இன்றைக்கும் எவராவது தன் பெருமையைத் தானே அளந்தால், கேட்பவர்கள் வாதாடுவதில்லை. "பலகையைக் கழற்றப்பா, மீன் சொல்லட்டும்" என்கிறார்கள்.