ஓணான்குளத்து அதிபரின் சிரிப்பு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சாதாரணச் சிரிப்பு இல்லை. கேட்டால் சுவரில் இருக்கிற பல்லி பிடியை விட்டுவிடும், அப்பேர்ப்பட்ட சிரிப்பு. ஆனால் அது இப்போது வராது. அவசரக்காரர்கள் எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அதற்கு முன்னால் மீசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மீசை குஞ்சிதபாதத்துடையது அல்ல, படக் கம்பெனியுடையது. கோந்து போட்டு ஒட்டியிருந்தார்கள். வலது பக்கம் விறைப்பாக நிற்கும். இடது பக்கம் வெயில் ஏற ஏறத் தொங்கும். மீசைக்கு மேலே ஒரு தொப்பி, கீழே ஒரு கோட்டு, கோட்டு முழுக்கப் பதக்கங்கள். எந்தப் போரில் வாங்கியது என்றெல்லாம் கேட்கக் கூடாது. கல்யாண வீடென்றால் வாசலில் வாழைமரம். சினிமாச் சர்வாதிகாரி என்றால் நெஞ்சில் பதக்கம். அவ்வளவுதான்.

குஞ்சிதபாதம் வாழ்நாள் முழுக்கச் சினிமா வில்லன்களுக்குப் பின்னால் நின்று "எஸ் பாஸ்" சொன்னவர். வீட்டுக்குப் போனால் மனைவி தர்மாம்பாளிடம் "சரி தர்மு" என்பார். இரண்டாவது காப்பி கேட்கிற தைரியம் இதுவரை வந்ததில்லை. அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு தொலைக்காட்சித் தொடரில் இரும்பு அதிபர் வேடம் கிடைத்துவிட்டது. முதல் பெரிய வேடம். வயதைப் பார்த்தால் கடைசிப் பெரிய வேடமும் அதுதான்.

சினிமா அதிபருக்கு வேலை ரொம்ப இல்லை. மேஜையைக் குத்த வேண்டும். பால்கனியில் நின்று கையைத் தூக்க வேண்டும். சிரிக்க வேண்டும். மேஜையும் கையும் பரவாயில்லை. சிரிப்புதான் வரவில்லை. "ஹா ஹா ஹா" என்று அவர் ஆரம்பித்தால், தொண்டையில் சோளம் மாட்டிய கோழி மாதிரி முடியும்.

டைரக்டர் மகிழ்நன் காலை டிபன் நேரத்திலேயே சொல்லிவிட்டார்.

"சார், நீங்க சிரிச்சா நாடு நடுங்கணும். நீங்க சிரிச்சா எனக்கு உங்க முதுகைத் தட்டித் தண்ணி குடுக்கணும்போல இருக்கு. சீக்கிரம் அந்தச் சிரிப்பு வரலைன்னா, மீசையைப் பிய்ச்சு நம்ம சமையல்கார நாகப்பனுக்கு ஒட்டிருவேன். அவர் 'சாம்பார் தீந்துபோச்சு'ன்னு சொன்னாலே யூனிட் நடுங்குது."

குஞ்சிதபாதம் அடுப்புப் பக்கம் பார்த்தார். நாகப்பன் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு மீசை ஒட்டவே வேண்டாம். சொந்தமாகவே இருந்தது.

படப்பிடிப்பு நடந்தது ஓணான்குளம் என்ற ஊருக்கு வெளியே, ஒரு பழைய பங்களாவில். முன்னால் நின்று பார்த்தால் மாளிகை, பின்னால் போய்ப் பார்த்தால் ஆட்டுக்கொட்டில். ராணுவத்துக்கும் பொதுமக்களுக்கும் ஓணான்குளத்துக்காரர்களையே பிடித்துப் போட்டிருந்தார்கள்.

ஓணான்குளத்துக்காரர்கள் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள். அந்த ஊர் பஸ்ஸில் 'படியில் நிற்காதீர்கள்' என்று எழுதியிருக்கிறது. அதனால் படியில் கால் வைக்காமல், கீழேயிருந்து ஒரே தாவலாகத் தாவித்தான் ஏறுவார்கள். தாவ முடியாத கனத்த ஆட்களை நாலு பேர் தூக்கி உள்ளே வீசுவார்கள். இதுவரை யாரும் படியில் நின்றதில்லை.

உதவி டைரக்டர் ஜெரால்டு நாற்காலி மேல் ஏறி நின்று அவர்களுக்குப் பாடம் எடுத்தான்.

"எல்லாரும் கேளுங்க. இவர்தான் அதிபர். இவர் என்ன சொன்னாலும் மறுபேச்சு இல்லாம செய்யணும். இவர் கையைத் தூக்கினா ஓடி வந்து 'வாழ்க'ன்னு கத்தணும். சிரிச்சா நடுங்கணும். டைரக்டர் 'கட்' சொல்ற வரைக்கும் யாரும் நடிப்பை நிறுத்தக் கூடாது. முக்கியமா, கேமரான்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு நினைச்சுக்கங்க."

ஊருக்காகப் பேசுகிறவர் வெயிலுமுத்து. அவர் எழுந்தார்.

"தம்பி, அந்தச் சாமான் இருக்கா, இல்லையா?"

"இருக்குங்க. ஆனா உங்களுக்கு இல்லை."

"நமக்கு எதுதாம்வே இருந்திருக்கு" என்று பின்னாலிருந்து பெருமூச்சு விட்டான் பேச்சிராசு.

டைரக்டர் "ஆக்‌ஷன்" என்றார். ராணுவம் நடந்தது. முன்வரிசையில் பேச்சிராசு. அவனுக்கு நேர் எதிரே கேமரா. வேறு ஊர்க்காரனாக இருந்தால் சுற்றிக்கொண்டு போயிருப்பான். இல்லாத ஒன்றை எப்படிச் சுற்றுவது? பேச்சிராசு நேராக நடந்தான். கேமரா மல்லாந்தது. அவனுக்குப் பின்னால் வந்த ராணுவம் முழுவதும், அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி, அதன்மேல் ஏறி இறங்கிப் போனது. உண்மையிலேயே பிரமாதமான நடிப்பு.

டைரக்டர் தலையிலே அடித்துக்கொண்டு கத்தினார். அவருக்குத் தெரிந்த அத்தனை வார்த்தையும் அன்றைக்கு வெளியே வந்தது, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர.

நொறுங்கிய கேமராவை வேனில் ஏற்றிக்கொண்டு யூனிட் முழுவதும் டவுனுக்குக் கிளம்பியது. நாகப்பனும் கரண்டியோடு ஏறிக்கொண்டார். ஜன்னல் வழியே டைரக்டர் குஞ்சிதபாதத்திடம் விரலை ஆட்டினார்.

"நாங்க திரும்பி வர்ற வரைக்கும் டிரெஸ்ஸைக் கழட்டாதீங்க, மீசையைத் தொடாதீங்க. சிரிப்பைப் பழகுங்க!"

மறுநாள் காலை குஞ்சிதபாதம் பங்களாக் கதவைத் திறந்தார். வாசலில் ராணுவம் அப்படியே வரிசையாக நின்றது.

"என்னப்பா, வீட்டுக்குப் போகலையா?"

"அதிபர் உத்தரவு குடுக்கலையே" என்றார் வெயிலுமுத்து, விறைப்பாக.

குஞ்சிதபாதம் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது அதிபர் நிற்கிறாரா என்று. யாரும் இல்லை.

"ஒரு காப்பி… கிடைக்குமா?"

ராணுவத்தில் பாதி ஓடியது. காப்பி வந்தது. குடித்து முடித்து, காலி டம்ளரை நீட்டி, "இன்னொண்ணு?" என்றார். ராணுவத்தின் மறுபாதி ஓடியது.

வாழ்க்கையில் முதல் முறையாக இரண்டாவது காப்பி. குஞ்சிதபாதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "உட்காருங்க" என்று சொல்லிப் பார்த்தார். உட்கார்ந்தார்கள். "எழுந்திருங்க." எழுந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் அவர் பேச்சிலிருந்து 'ங்க' கழன்று விழுந்துவிட்டது. என்னைப் பார்த்து ஒரு ஊரே நடுங்குகிறது, இனிமேல் சிரிப்பு தானாக வந்துவிடும், நாகப்பன் கரண்டியைக் கட்டிக்கொண்டு அழட்டும் என்று நினைத்துக்கொண்டார். அங்கேயே ஒருமுறை சிரித்துப் பார்த்தார். கோழிதான் வந்தது. ஆனாலும் மொத்த ராணுவமும் கிடுகிடுவென்று நடுங்கியது.

அவருக்குக் கேட்காத தூரத்தில், ஆட்டுக்கொட்டில் பக்கம், ஒரு மாநாடு நடந்தது.

"ஏ வெயிலு, அந்தக் கேமராதான் போயிட்டே. இன்னும் நடிக்கணுமாவே?" என்றான் பேச்சிராசு.

"கிறுக்குப் பயலே, கேமரா இல்லைன்னு நெனைச்சு நடிக்கத்தான சொன்னாவ? நேத்து அது நட்ட நடுவுல நிக்கையில இல்லைன்னு நெனைக்க எவ்வளவு பாடுபட்டோம்! இன்னைக்குத்தான் வேலை சுளுவா இருக்கு."

"அதுஞ்சரி. ஆனா அந்த மனுசரைப் பாத்தியா? காப்பி குடிக்கையிலகூட நடிப்பை விடலவே."

"தொழில் பக்தி" என்றார் வெயிலுமுத்து. எல்லோரும் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிஷம் மரியாதை செய்தார்கள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. அதிபருக்கு ஒரு தட்டு நிறைய இட்லி, கெட்டிச் சட்னி. அவர் கை வைக்கப் போகும்போது அன்னமயில் என்கிற அம்மாள் குறுக்கே பாய்ந்தாள்.

"தொடாதிய! டீவியில பாத்திருக்கேன். அதிபர் திங்கதுக்கு முன்னால ஒருத்தி தின்னு பாக்கணும். விசம் இருந்தா?"

குஞ்சிதபாதத்துக்குப் பெருமையாக இருந்தது. தலையசைத்தார். அன்னமயில் ஒரு இட்லியைத் தின்றாள்.

"ஒண்ணுமில்லையே?" என்றார் அதிபர்.

"இந்த இட்லியில இல்லை. அடுத்ததுல இல்லைன்னு எப்படிச் சொல்லுதது?" அடுத்ததையும் தின்றாள். அதற்கும் அடுத்ததையும் தின்றாள். சட்னியை வழித்து நக்கினாள். பிறகு நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தாள். "நல்ல சேதி, அதிபர் ஐயா! எதுலயும் விசம் இல்லை."

"யாரங்கே! இவளைப் பிடித்துச் சிறையில் தள்ளு!" என்று மேஜையைக் குத்தினார் குஞ்சிதபாதம்.

தள்ளினார்கள். சிறை என்பது பலகையில் கறுப்புக் கம்பி வரைந்து கம்பிகளுக்கு இடையே வெட்டி எடுத்த ஒரு தட்டி. முன்பக்கம் மட்டும்தான் உண்டு. அன்னமயில் அதன் பின்னால் அடக்கமாக உட்கார்ந்தாள். சாயங்காலம் குஞ்சிதபாதம் பால்கனியில் நின்றபோது, தெருவில் சிறை நடந்து போவதைப் பார்த்தார். தட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி அன்னமயில் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்திலே துப்பாக்கியோடு காவலாளி.

"ஏய்! எங்கே தப்பித்துப் போகிறாய்?"

"தப்பிக்கலையே அதிபர் ஐயா, உள்ளதான் இருக்கேன்" என்று கம்பிகளுக்கு நடுவே முகத்தைக் காட்டினாள் அவள். "எருமைக்குப் பால் கறக்க நேரமாச்சு. கறந்துட்டு, ராத்திரிச் சாப்பாட்டைத் தின்னு பாக்க இப்படியே வந்திருதேன்."

வந்தாள். தின்றாள். விஷம் இல்லை.

பசி காதை அடைத்தாலும் குஞ்சிதபாதம் ஜெரால்டுக்குப் போன் போட்டார்.

"ஜெரால்டு! டைரக்டரை உடனே வரச் சொல். ஊரே என்னைப் பார்த்து நடுங்குது!"

"சார்…" என்று இழுத்தான் ஜெரால்டு. "தொடரையே நிறுத்திட்டாங்க. அந்த நேரத்துல சமையல் நிகழ்ச்சி போடப் போறாங்க."

"சமையலா? யார் நடத்துறது?"

"நம்ம நாகப்பன்தான் சார். கேமராவுக்குச் சொந்தக்காரர் தேடுறார்னு டைரக்டர் போனை அணைச்சுட்டு எங்கயோ போயிட்டார். இனி வர மாட்டார். நீங்க ஒரு பஸ்ஸைப் பிடிச்சு வந்துருங்க."

குஞ்சிதபாதம் போனைக் கோட்டுப் பையில் போட்டார். பிறகு தோளைக் குலுக்கினார். தொடர் போனால் என்ன? நாடு இருக்கிறது. ராணுவம் இருக்கிறது. இரண்டாவது காப்பி இருக்கிறது. சாலிகிராமத்து வீட்டில் என்ன இருக்கிறது? உரிக்க வேண்டிய வெங்காயம் இருக்கிறது.

ஆனால் மறுநாள் காலை பொங்கலிலும் விஷம் இல்லை. மத்தியானம் மீன்குழம்பிலும் இல்லை, முள்ளில்கூட இல்லை. பதவியா வயிறா என்ற கேள்வி வந்தபோது, எந்தச் சினிமா அதிபரும் எடுக்காத முடிவை குஞ்சிதபாதம் எடுத்தார். யாருக்கும் தெரியாமல் பின்பக்கமாக நழுவி, பஸ் வரும் சாலைக்குப் போய் நின்றார்.

பஸ் வந்தது. கையைத் தூக்கினார்.

"வாழ்க!" என்று எங்கிருந்தோ ஓணான்குளமே ஓடி வந்து சாலையை அடைத்தது. ஏதோ கட்சி ஊர்வலம் என்று நினைத்த டிரைவர், வண்டியை ஓரங்கட்டித் திருப்பி வந்த வழியே பறந்துவிட்டார்.

அடுத்த பஸ்ஸுக்கு அவர் கையைத் தூக்கவில்லை. "ராணுவமே, நீயே நிறுத்து!" என்றார். நிறுத்தினார்கள். ஓடிப்போய்ப் படியில் கால் வைத்தார். வெயிலுமுத்து பதறிப்போய் அவரைப் பின்னால் இழுத்தார்.

"ஐயோ, படியில நிக்கப்படாது!"

நாலு பேர் அவரைத் தூக்கினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆட்டி வீசினார்கள். குறி கொஞ்சம் தப்பிவிட்டது. பதக்கங்கள் மட்டும் பஸ்ஸில் ஏறின. பஸ் போய்விட்டது.

குஞ்சிதபாதம் சாலையோரப் பாலச் சுவரில் உட்கார்ந்தார். மீசை இடது பக்கம் முழுக்கத் தொங்கியது. மக்கள் சுற்றி நின்று, எதற்கும் இருக்கட்டும் என்று லேசாக நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு மனசு இளகிவிட்டது.

"என்மேல் இவ்வளவு பயமா? இவ்வளவு மரியாதையா? என்னை விடவே மாட்டீர்களா?"

வெயிலுமுத்து காலை மாற்றி மாற்றி நின்றார்.

"அதிபர் ஐயா, ஒரு சின்ன விண்ணப்பம். அந்த டைரக்டர் எப்ப வருவாரு?"

"அவர் எதற்கு? அவர் இனி வரமாட்டார்."

கூட்டத்தில் ஒரு முனகல் கிளம்பியது. பேச்சிராசு அழுதே விட்டான். "வரமாட்டாராமே! நின்னு நின்னு முழங்கால் வீங்கிப் போச்சு. என் பொஞ்சாதி கதவைச் சாத்திட்டா. இனி யாருவே நமக்குக் கட் சொல்லுவா?"

குஞ்சிதபாதம் பேச்சிராசுவைப் பார்த்தார். வெயிலுமுத்துவைப் பார்த்தார். சிறைக்குள் நின்ற அன்னமயிலைப் பார்த்தார். முதல் காப்பி ஞாபகம் வந்தது. இரண்டாவது காப்பி ஞாபகம் வந்தது. கேமரா மல்லாந்ததும், டைரக்டர் கத்தியதும், கத்தியதில் எந்த வார்த்தை இல்லை என்பதும் ஞாபகம் வந்தது.

"நீங்க… இவ்வளவு நேரமும்… நடிச்சுக்கிட்டா இருந்தீங்க?"

'ங்க' திரும்பி வந்துவிட்டது.

"நீங்களுந்தான" என்றார் வெயிலுமுத்து, தொழில்காரர் தொழில்காரரிடம் பேசுகிற பணிவோடு.

குஞ்சிதபாதம் துள்ளி எழுந்தார். "கட்! கட்! கட்! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

ஒருவரும் அசையவில்லை. வெயிலுமுத்துவுக்குக் கண்ணீர் பொங்கியது.

"அடேயப்பா! என்னமா நடிக்காரு! அப்படியே அந்த டைரக்டர் குரலு! ஏமாந்திராதீய, டைரக்டர் சொன்னாத்தான் கட்டு."

அப்போதுதான் அது வந்தது. குஞ்சிதபாதத்தின் அடிவயிற்றில் கிளம்பி, காலி வயிற்றில் எதிரொலித்து, நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஹா… ஹா… ஹா! மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்தது. எருமை கயிற்றை அறுத்துக்கொண்டது. ஓணான்குளம் முதல் முறையாக, யாரும் சொல்லாமலேயே, நிஜமாக நடுங்கியது. முதலில் சொன்ன சிரிப்பு இதுதான். படம் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

சிரித்துச் சிரித்து மூச்சு முட்டி, குஞ்சிதபாதம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

பேச்சிராசு நடுக்கத்தோடு வெயிலுமுத்துவின் காதில் கேட்டான். "வெயிலு, ரெண்டு கையையுந் தூக்கிட்டாருவே. இதுக்கு என்ன செய்யணும்?"

வெயிலுமுத்து யோசித்தார்.

"ரெண்டு தடவை சொல்லுங்கவே."

"வாழ்க! வாழ்க!"