தண்டபாணி காரின் குதிரைகள்

"ஏறியிருக்குதா, குறைஞ்சிருக்குதா? அதை மட்டும் சொல்லு அம்மணி" என்றார் தண்டபாணி.

சுகந்தி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். காரின் பின்சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றி, எஞ்சினை முழு மூச்சில் ஓடவிட்டு, அதற்கு எத்தனை குதிரைத்திறன் என்று அளப்பது அவள் தொழில். கோயமுத்தூரில் வேகப் பைத்தியம் பிடித்த அத்தனை பேரும் கடைசியில் அவளிடம்தான் வந்து கைகட்டி நிற்பார்கள். குரு என்றே கூப்பிடுவார்கள். தண்டபாணிக்கு அறுபத்திரண்டு வயது. அவரும் நின்றார்.

கார் பழசு, சிவப்பு, இரண்டே சீட்டு. போன வருஷம் அதன் சைலன்சரை அறுத்தெறிந்துவிட்டுப் புதுசு போட்டிருந்தார். இப்போது அது தெருமுனையில் திரும்பினாலே ஊர் எழுந்துவிடும்.

அளவு இயந்திரத்திலிருந்து காகிதம் வந்தது.

"தொண்ணூத்தி நாலுங்க."

"முன்னாடிக்கு இது ஜாஸ்தியா, கம்மியா?"

"முன்னாடி எத்தனைங்க?"

"அளக்கலையே."

"பழைய சைலன்சர் இருந்தா மாட்டிப் பாக்கலாங்க."

"அது இரும்புக்கடைக்குப் போயிருச்சு."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவருக்கே வெட்கமாக இருந்தது.

"முன்னாடி இழுத்த இழுப்பு யாருக்காச்சும் தெரியுங்களா?"

"வரதனுக்குத் தெரியும். என் சிநேகிதன். இருபது வருஷம் பக்கத்து சீட்டுல உக்காந்து வந்தவன். முதுகு அழுந்தறத வெச்சே சொல்லிருவான்."

"கூட்டிட்டு வாங்க."

"வரமாட்டான்."

காரணத்தையும் அவரே சொன்னார். "சைலன்சர்ல கை வெக்காதே, இழுப்புப் போயிரும்னான். ஓசில உக்காந்து வர்றவனுக்கு என்ன பேச்சுன்னு கேட்டுப்போட்டேன். சிக்னல்ல இறங்கிப் போனவன்தான். வருஷம் ஒண்ணாச்சு."

அந்த வார்த்தையை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் நெஞ்சு கூசும்.

"இந்தக் காகிதத்த வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"ஏறியிருந்தா, அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டுவேன்."

"குறைஞ்சிருந்தா?"

தண்டபாணி காலியாகக் கிடந்த பக்கத்து சீட்டைப் பார்த்தார்.

"போய் அவன் கையப் புடிச்சுக்குவேன். நீ சொன்னதுதாண்டா சரின்னு சொல்லுவேன்."

சுகந்தி காகிதத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"குறைஞ்சு போச்சுங்க."

எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.