முன்னால் போகிறவனுக்கு நீலக் கொடி

"யார் ஜெயிப்பான்னு தெரிஞ்சுபோன பந்தயத்துல பார்க்க என்னக்கா இருக்கு?"

உத்தண்டன் இதைக் கேட்டது கார் பந்தயத் தடத்தின் எட்டாம் வளைவில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில். கேட்கப்பட்டவள் சலோமி. அந்த வளைவில் ஓட்டுநர்களுக்குக் கொடி காட்டுகிறவள்.

சலோமி எலுமிச்சைச் சோற்றை மென்றுகொண்டிருந்தாள்.

"உக்காரு," என்றாள்.

அவன் உட்காரவில்லை.

ஃபார்முலா பந்தயங்களுக்குத் தமிழில் நேர்முக வர்ணனை சொல்லிச் சொல்லியே நரைத்தவன் அவன். அந்த வித்தையை அவனுக்குக் கற்றுத்தந்தவள் அவள்தான். ஒருநாள் மைக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு, கொடியை வாங்கிக்கொண்டு இந்த வளைவுக்கு வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "அந்த ரூம்ல ஒரே சத்தம்," என்றாள்.

இந்த வருடம் ருஷிலின் வருடம். மழை பெய்தால் ருஷில். வெயில் கொளுத்தினால் ருஷில். கடைசி வரிசையிலிருந்து கிளப்பிவிட்டாலும் ருஷில். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார்தான். ஆனாலும் மற்றவர்கள் அவனுடைய முதுகைக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு சீசன்ல கடைசிப் பந்தயம். இதோட நானும் நிறுத்திக்கிறேன். ஜெயசிங்கிட்ட சொல்லிட்டேன்."

ஜெயசிங் வர்ணனை அறையில் அவனோடு உட்கார்ந்து பேசுகிறவன்.

"என்ன சொன்னான்?"

"அழுதான்."

"ஜெயசிங்கா? கதை விடாத."

"சரி. தின்னுட்டிருந்த பிஸ்கட்டைக் கீழ வச்சான்."

"அப்ப நிஜமாவே வருத்தம்தான்."

உத்தண்டன் சிரிக்கவில்லை.

"என் குரலே எனக்கு ஸ்டேஷன்ல ரயில் அறிவிக்கிற மாதிரி கேக்குதுக்கா. ருஷில் வந்துகொண்டிருக்கிறார், ருஷில் வந்துகொண்டிருக்கிறார். உள்ளே ஒண்ணும் அசையல. எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். இதுவும் செத்துப்போச்சு."

சலோமி கையைக் கழுவினாள். சேலைத் தலைப்பு இருந்த காலத்துப் பழக்கத்தில் தோளைத் தடவி, பிறகு ஆரஞ்சுச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு மேல ரூமுக்குப் போகாத. இங்கேயே நின்னு பாரு."

"இங்கிருந்து ஒரே ஒரு வளைவுதானே தெரியும்?"

"அது உனக்குப் பத்தாதா?"

அவன் ஜெயசிங்கை அழைத்து, வளைவிலிருந்து பேசுவதாகச் சொன்னான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். மைக்கை ஆன் செய்யவில்லை.

வேலிக்கு அப்பால் ஏரி வற்றிக் கிடந்தது. அதன் கரைச்சுவரில் கொக்குகள் வரிசையாக நின்றன. மேகம் கவிந்த மதியம். காற்று இல்லை. வேலியில் கட்டியிருந்த ரிப்பன்கூடத் தொங்கிக் கிடந்தது.

தூரத்தில் கோடித் துணி கிழிபடுகிற சத்தம். பந்தயம் தொடங்கிவிட்டது.

எல்லாக் கார்களும் ஒரு கொத்தாக வந்து வளைந்து போயின. கொக்குகள் எழுந்தன. ஒரு வட்டம் சுற்றிவிட்டுச் சுவரில் வந்து அமர்ந்தன.

சில சுற்றுகளில் ருஷில் தனியனாகிவிட்டான். அவன் வருவான். போவான். நெடுநேரம் கழித்துத்தான் மற்றவர்கள் வருவார்கள்.

"பார்த்தியா? இவ்வளவுதான்," என்றான் உத்தண்டன்.

"நீ காரைப் பார்க்குற. கொக்கைப் பாரு."

ருஷில் வந்தான். கொக்குகள் எழுந்து, அமர்ந்தன.

தடம் காலியாக இருந்தது.

கொக்குகள் மறுபடியும் எழுந்தன.

"பாம்பு ஏதாவது இருக்கும்," என்றான்.



அடுத்த சுற்று. ருஷில் வந்தான், கொக்குகள் எழுந்தன, அமர்ந்தன. காலித் தடம். மறுபடி எழுந்தன. இந்த முறை ருஷில் போன கையோடு, அவன் காரின் சத்தம் தேய்வதற்குள்.

உத்தண்டன் கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"மத்தவங்க எல்லாரும் இந்த வளைவுல உள்பக்கம் ஒட்டித்தானே போறாங்க?" என்று கேட்டாள் சலோமி.

"ஆமா. அதுதானே குறுக்கு."

"ருஷில்?"

"கொஞ்சம் தள்ளிப் போவான். அது அவன் பாணி. நான்தான் அதுக்குப் பேரே வச்சேன். 'எட்டாம் வளைவில் ருஷிலின் தனிப்பாணி.'"

"எவ்வளவு தள்ளி?"

உத்தண்டன் பார்த்தான். ருஷிலின் காருக்கும் உள்விளிம்புக்கும் நடுவே சரியாக ஒரு கார் அகலம்.

இந்த வருடம் முழுவதும் மேலே உட்கார்ந்து அந்த வெற்றிடத்தைத்தான் அவன் புகழ்ந்திருந்தான்.

"ஆளே இல்லாத ரோட்டுல யாருக்கு இடம் விடுறான்?" என்றாள் சலோமி.

அவன் சிரிக்கப் பார்த்தான். 

சலோமி கொடிகளைச் செருகிவைத்த குழாயில் கையை விட்டாள். நீலக் கொடியை உருவினாள்.

கொடிகளில் மிகவும் சாதுவானது நீலம். மெதுவாகப் போகிறவனுக்குக் காட்டுவது. உன்னைவிட வேகமானவன் பின்னால் வருகிறான், வழி விடு என்று பொருள். அதை முதலில் போகிறவனுக்குக் காட்டுவது கொடி பிடிக்கிற எவரும் செய்யாத பிழை. செய்தவர் கையில் மறுநாள் கொடி இருக்காது.

கிழிபடும் துணியின் சத்தம் நெருங்கியது.

"அக்கா. வர்றது ருஷில்."

"தெரியும்."

"அவன்தான் முதல்ல வர்றான். பின்னால ஈ காக்கா இல்ல. கொடியைப் பிடுங்கிருவாங்க அக்கா!"

"ரொம்பக் காலம் காட்டாமலே நின்னுட்டேன் உத்தண்டா."

அவள் தடத்தோரத் தடுப்பாக இருந்த டயர் அடுக்கின் ஓரத்துக்குப் போனாள். நீலக் கொடியை உயர்த்தி அசைத்தாள்.

ருஷில் வளைவுக்குள் நுழைந்தான். தலைக்கவசம் லேசாகத் திரும்பியது, கொடியின் பக்கம். கோபத்தில் கையை ஆட்டுவான் என்று உத்தண்டன் எதிர்பார்த்தான்.

ருஷில் கையை உயர்த்தினான். கட்டளையை ஏற்றுக்கொண்டவன் உயர்த்துவதுபோல.

பிறகு காரை வெளிப்பக்கம் ஒதுக்கினான்.

ரிப்பன் விறைத்து நின்றது. உள்விளிம்பில் கிடந்த சருகுகள் ஒரே கோடாக எழுந்து, வளைவின் போக்கிலேயே வளைந்து போயின. உத்தண்டனின் முகத்தில் சூடாக ஏதோ அடித்துக் கடந்தது. ரப்பர் வாசனை.

அதன் பின்னால் ருஷில் விரட்டிக்கொண்டு போனான். இந்த வருடத்தில் ஒருமுறைகூட அவன் எஞ்சின் அப்படி அலறியதில்லை.

சலோமியின் வயர்லெஸ் கத்தியது. "எட்டாம் வளைவு! எட்டாம் வளைவு! யாரும்மா அது லீடருக்கு நீலம் காட்டினது? கொடியைக் கீழ வைங்க! இப்பவே வெளிய வாங்க!"

"வர்றேன் சார்," என்றாள் அவள்.

கொடியைக் குழந்தைத் துணியை மடிப்பதுபோல மடித்து டயர்களின் மேல் வைத்தாள். சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, அது யாரு?"

"பந்தயத்துல என்ன இருக்குன்னு கேட்ட. யார் இருக்காங்கன்னு நீ கேக்கவே இல்லையே."

அவள் வேலிக்கதவைத் திறந்துகொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த சுற்று. தடம் காலியாக இருந்தது. சத்தமில்லை.

கொக்குகள் எழுந்தன.

அதற்குப் பிறகுதான் ருஷில் வந்தான். இடம் விடாமல், உள்விளிம்பை உரசிக்கொண்டு, டயர் புகைய, பல்லைக் கடித்து ஓட்டுகிறவனாக. அந்த வருடத்தில் முதல்முறையாக யாரையோ பிடிக்கப் போகிறவனாக.

உத்தண்டன் வேலியை ஒட்டிப் போனான். நெஞ்சு அடித்துக்கொண்டது. கை தானாகப் போய் மைக்கை ஆன் செய்தது.

காதில் ஜெயசிங் பதறினான். "உத்தண்டா, அங்க என்னடா நடக்குது? ருஷிலுக்குப் பைத்தியமா? கண்ணுக்கெட்டுற தூரத்துல ஆளே இல்ல, எதுக்கு இந்த ஓட்டு ஓட்டுறான்?"

உத்தண்டன் வாயைத் திறந்தான். பழைய குரல், நடுங்கிக்கொண்டு, வந்தது.

"அன்பு நேயர்களே, ருஷில் இப்போது இரண்டாம் இடத்தில்."

 காதில் ஜெயசிங்கின் பிஸ்கட் உறை நசுங்கும் சத்தம் கேட்டது.

"அப்ப முதல்ல யாருடா?"

உத்தண்டன் சுவரைப் பார்த்தபடி நின்றான். கொக்குகள் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்துகொண்டிருந்தன.

"இரு ஜெயசிங். இப்ப வரும்."

கடைசிக் கொக்கு அமர்வதற்குள், எல்லாம் எழுந்தன.