தேள் கொடுக்குக்கு வலப்பக்கம்

எரிகல் விழுவதைப் பார்க்க அந்த மடத்தில் இரண்டு மலைக்கு ஆள் அனுப்புவார்கள். கிழக்கு மலையில் செங்கோடன். மேற்கு மலையில் மருதாயி. நடுவே அரைநாள் நடை. விடிந்ததும் ஆளுக்கொரு பாதையில் இறங்கி வந்து, எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் கல் அணைந்தது என்று தில்லையிடம் சொல்ல வேண்டும். அதைக் குருவம்மாவிடம் ஒப்பிப்பது தில்லையின் வேலை. அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி நடந்துகொள்வான்.

இருவர் சொல்வதும் ஒருநாளும் பொருந்தவில்லை. தென்வானத்துத் தேளின் கொடுக்குக்கு வலப்பக்கம் என்பான் செங்கோடன். இடப்பக்கம் என்பாள் மருதாயி. அக்கா உட்கார்ந்தபடியே தூங்குது போல என்று செங்கோடன் கிண்டல் வேறு செய்வான்.

தில்லைக்கு எரிச்சல். ஒரு கல் எப்படி இரண்டு இடத்தில் அணையும்? இன்னொரு தடவை மாற்றிச் சொன்னால் மடத்தை விட்டே அனுப்பச் சொல்லிவிடுவேன் என்று மருதாயியின் முகத்துக்கு நேரே சொன்னான். அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது. அது அவனுக்கும் தெரியும்.

அடுத்து விழுந்தது பெரிய கல். ஊரே பார்த்தது. காலையில் இருவரும் ஒரே பாதையில் சேர்ந்து வந்தார்கள். கொடுக்குக்கு வலப்பக்கம், ஒரு சாண் என்றான் செங்கோடன். மருதாயியும் அதையே சொன்னாள்.

தில்லை உள்ளே ஓடினான். ஒருவழியாக அவளைத் திருத்திவிட்டேன் என்றான்.

குருவம்மா எழுந்து, அவர்கள் இருவரும் நின்ற இடத்துக்கு வந்தார். முற்றத்தில் இரண்டு கூழாங்கல் வைத்தார். இரண்டு மலை. ஒவ்வொன்றிலும் ஒரு நூலைக் கட்டித் தில்லையிடம் கொடுத்தார். அவரவர் காட்டிய திசையில் இழுத்துக்கொண்டு போ, நூல் இரண்டும் எங்கே சேருதோ அங்கேதான் கல் கிடக்கும் என்றார்.

கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நடந்தான். நூல்கள் பக்கம் பக்கமாகவே வந்தன. முற்றம் போச்சு. மாட்டுக்கொட்டகை போச்சு. மிளகாய்த் தோட்டத்தில் நூல்கண்டு தீர்ந்தது. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர், பட்டத்தை எங்கே விட்டாய் என்று கேட்டார்.

திரும்பி வந்தான்.

"நூல் பத்தலை அம்மா."

"எவ்வளவு கொடுத்தாலும் பத்தாது." குருவம்மா மருதாயியைப் பார்த்தார். "நீ எங்கே பார்த்தே?"

மருதாயி தலை குனிந்துகொண்டாள். வழியில் செங்கோடனை மறித்துக் கேட்டுக்கொண்டதைச் சொன்னாள். பிறகு மெதுவாக, "இடப்பக்கம் அம்மா. நாலு விரல்" என்றாள்.

குருவம்மா அவளுடைய நூலை இடப்பக்கம் நகர்த்தினார். அது செங்கோடனுடைய நூலை முற்றத்துக்குள்ளேயே, தொட்டிக்குப் பக்கத்தில் வெட்டியது.

தில்லை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மேற்கு மலைக்கு இனி யாரம்மா?"

"அவள்தான். அடுத்த தடவை கிழக்கு மலைக்கு நீ போ."

"போய்?"

"பார்த்ததை வந்து சொல். அது அவள் சொல்வதோடு அச்சாகப் பொருந்தினால், அன்றைக்கு உன்னை மடத்தை விட்டே அனுப்பிடறேன்."